தொப்பியை முதலில் மேசையில் வை!

விடுமுறைக்கு மட்டாஞ்சேரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கொச்சியின் பழைய வணிகப் பகுதி அது. பஜார் ரோட்டில் நடந்தால் மிளகும் சுக்கும் ஏலக்காயும் கலந்த வாசனை கூடவே வரும். தமிழ், மலையாளம், கொங்கணி, குஜராத்தி என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும்.

எட்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு செல்போன், ஒரு பென் டிரைவ், விரல் நீளத்தில் ஒரு சின்ன இணைப்பான். கடைகளில் 'ஓடிஜி' என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, அதுதான். அதை வைத்து பென் டிரைவைப் போனில் மாட்டினாள். பள்ளி ஆண்டுவிழாப் படங்கள் போன் திரையில் வரிசையாக வந்தன. தான் எடுத்த இரண்டு படங்களை பென் டிரைவில் ஏற்றினாள். ஏற்றியதும் வெடுக்கென்று பிடுங்கினாள். அதே துளையில் வேறொரு ஒயரைச் செருகி, போனை என் மடிக்கணினியோடு இணைத்தாள். இப்போது போனில் இருந்த படங்கள் மடிக்கணினித் திரையில் தெரிந்தன.

"மாமா, ஒரு சந்தேகம். கொஞ்சம் முன்னாடி போன் முதலாளி மாதிரி பென் டிரைவை வேலை வாங்குச்சு. இப்போ லேப்டாப் முதலாளி ஆயிடுச்சு, போன் வேலைக்காரன் ஆயிடுச்சு. துளை ஒண்ணுதானே? எப்போ எந்த வேஷம் போடணும்னு அதுக்கு யாரு சொல்றா?"

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். வழியில் ஒரு மீன்வலையும் ஒரு ஜாதிக்காயும் இரண்டு பாலங்களும் வரும்.

கேட்டால்தான் பதில்

அந்தத் துளையின் பெயர் யூஎஸ்பி. அதற்கு முன்பு கணினியின் முதுகில் விசைப்பலகைக்கு ஒரு துளை, மவுஸுக்கு ஒரு துளை, அச்சுப்பொறிக்கு அகலமாக இன்னொரு துளை என்று ஆளுக்கொரு வாசல் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் போதும் என்று ஏழு நிறுவனங்கள் சேர்ந்து முடிவெடுத்தன. 1996-இல் யூஎஸ்பியின் முதல் விதிப்புத்தகம் வெளிவந்தது. அந்த முயற்சியில் இன்டெல் நிறுவனத்தின் குழுவை முன்னின்று நடத்தியவர் அஜய் பட். குஜராத்தின் வதோதராவில் பொறியியல் படித்தவர்.

அந்தப் புத்தகத்தின் அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான். ஒயரின் ஒரு முனையில் இருப்பவர் கேட்பார். மறுமுனையில் இருப்பவர் கேட்டால் மட்டும் பதில் சொல்வார். கேட்பவருக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ஹோஸ்ட். பதில் சொல்பவருக்கு டிவைஸ்.

நீங்கள் மவுஸை நகர்த்தினால் அது உடனே "நகர்ந்துவிட்டேன்!" என்று கத்தும் என்று நினைப்பீர்கள். கத்தாது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். கணினிதான் திரும்பத் திரும்பக் கேட்கும்: "நகர்ந்தாயா? நகர்ந்தாயா?" சாதாரண மவுஸ் பலவற்றிடம் நொடிக்கு 125 தடவை இப்படிக் கேட்கும். நகரவில்லை என்றால், "இப்போது ஒன்றும் இல்லை" என்று மவுஸ் ஒரு சின்னக் குறியை அனுப்பும். நகர்ந்திருந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லும்.

புதிதாக ஒரு பொருளைச் செருகினால் என்ன நடக்கும்? வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இன்னும் வருகைப் பதிவேட்டில் எண் இல்லை. யூஎஸ்பியில் புதிதாக வருகிறவர் எல்லோருக்கும் எண் 0. ஹோஸ்ட் அவரிடம் "நீ யார்? எந்த நிறுவனம்? உனக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்கும். 1 முதல் 127-க்குள் ஓர் எண்ணைக் கொடுக்கும். அதன் பிறகு அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் பேசுவார். ஒரு ஹோஸ்ட் ஒரே நேரத்தில் 127 பேர் வரை வைத்து மேய்க்கலாம். ஒருவர் மட்டும் கேட்பதால் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொள்வது இல்லை.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. யோசிக்கும் வேலை எல்லாம் ஹோஸ்ட் பக்கம். டிவைஸ் பக்கம் குறைந்த புத்தி போதும். அதனால்தான் மவுஸையும் விசைப்பலகையையும் மலிவாகச் செய்ய முடிந்தது.

செருகியின் வடிவமே சொன்ன காலம்

யார் ஹோஸ்ட், யார் டிவைஸ் என்பதில் அந்தக் காலத்தில் குழப்பமே கிடையாது. ஒயரின் இரண்டு முனைகளும் வேறு வேறு வடிவத்தில் இருந்தன. தட்டையான முனை கணினிக்கு. சதுரமான முனை அச்சுப்பொறிக்கு. மாற்றிச் செருக நினைத்தாலும் நுழையாது. கணினி என்றைக்கும் கேட்பவர். அச்சுப்பொறி என்றைக்கும் பதில் சொல்பவர்.

பிறகு டிஜிட்டல் கேமராவும் செல்போனும் வந்தன. கேமராவைக் கணினியில் மாட்டினால் அது டிவைஸ். அதே கேமராவை நேராக அச்சுப்பொறியில் மாட்டிப் படத்தை அச்சிட வேண்டும் என்றால் யாராவது ஒருவர் ஹோஸ்டாக வேண்டுமே! 2001-இல் இதற்காக யூஎஸ்பியில் ஒரு கூடுதல் விதி சேர்ந்தது. 'ஆன் தி கோ', அதாவது 'போகிற போக்கில்' என்று பெயர். அதன் சுருக்கம்தான் ஓடிஜி.

அந்த விதியின்படி சின்னச் செருகியில் ஐந்தாவதாக ஓர் ஊசி வைத்தார்கள். ஒயரின் ஒரு முனையில் அந்த ஊசி தரைக்கம்பியோடு இணைந்திருக்கும். இன்னொரு முனையில் எதோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கும். தரையைத் தொட்ட முனை எந்தப் பொருளில் செருகப்படுகிறதோ அது ஹோஸ்டாகத் தொடங்கும். ஆக, அப்போதும் வேஷத்தை ஒயர்தான் சொன்னது.

மேலே இழு, கீழே இழு

2014-இல் டைப்-சி வந்தது. உங்கள் வீட்டுப் போனிலும் பெரும்பாலும் இந்தத் துளைதான் இருக்கும். எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் நுழையும். இரண்டு முனைகளும் ஒரே வடிவம். நமக்கு வசதி, ஆனால் யார் கேட்பது என்று வடிவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அப்படியானால் எப்படி முடிவாகிறது?

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், கோட்டைக் கொச்சிக் கடலோரத்தில் பெரிய பெரிய சீன வலைகள் நிற்கின்றன. நீண்ட மரக்கட்டைகளின் ஒரு பக்கம் வலை. மறுபக்கம் கயிறுகளில் கட்டித் தொங்கவிட்ட கனத்த கற்கள். வலை கீழே இழுக்கும். கல்லும் ஆளும் மறுபக்கம் இழுப்பார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை வலை நிற்கும் உயரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

டைப்-சி ஒயருக்குள்ளும் இப்படி ஓர் இழுப்பு நடக்கிறது. அதில் 'சிசி' என்று ஒரு தனிக்கம்பி இருக்கிறது. ஹோஸ்டாக இருக்க விரும்புகிறவர், ஒரு மின்தடை வழியாக அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தை மேலே இழுப்பார். டிவைஸாக இருக்க விரும்புகிறவர் இன்னொரு மின்தடை வழியாகக் கீழே இழுப்பார். இரண்டு பேரும் மேலே இழுத்தால் கம்பி மேலேயே நிற்கும். இரண்டு பேரும் கீழே இழுத்தால் கீழேயே கிடக்கும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே என்றால் கம்பி நடுவில் நிற்கும். அந்த நடு உயரத்தைக் கண்டதும் இரண்டு பேருக்கும் புரிந்துவிடும்: "சரி, ஜோடி சேர்ந்தாயிற்று."

அக்கா மகளின் திண்ணையில் நடந்ததும் இதுதான். பென் டிரைவை மாட்டிய இணைப்பானுக்குள் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று உண்டு. அது எப்போதும் கீழே இழுக்கும். அதனால் போன் மேலே இழுக்கும் ஹோஸ்டானது. மடிக்கணினியின் தட்டைத் துளையிலிருந்து வந்த ஒயரின் டைப்-சி முனையில் 56 கிலோ ஓம் மின்தடை உண்டு. அது எப்போதும் மேலே இழுக்கும். அதனால் போன் டிவைஸானது.

போனைப் போல இரண்டு வேஷமும் போடத் தெரிந்தவர் வெறும் துளையோடு இருக்கும்போது என்ன செய்வார்? கொஞ்ச நேரம் மேலே இழுப்பார், கொஞ்ச நேரம் கீழே இழுப்பார். ஒரு நொடியில் பத்து முதல் இருபது தடவை இப்படி மாற்றி மாற்றி இழுத்து, எதிரே யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எதிர்ப்பக்க இழுப்பு தெரிந்ததும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்.

ஜாதிக்காய்க்குள் பருப்பு

"அப்போ ஒயர்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுதா மாமா?"

இல்லை. ஒயர் செய்தியை மட்டும்தான் சொல்கிறது. அதன்படி நடக்கச் செய்வது போனுக்குள் இருக்கும் கெர்னல்.

அக்கா வீட்டில் முற்றத்தில் ஜாதிக்காய் காய வைத்திருந்தார்கள். முழுக்காய் ஒன்றை எடுத்து அவளிடம் பிளந்து காட்டினேன். வெளியே கனத்த சதை, ஊறுகாய் போடலாம். அதற்குள் சிவப்பு வலை போலச் சுற்றியிருப்பது ஜாதிபத்திரி. அதற்குள் கெட்டி ஓடு. ஓட்டை உடைத்தால் பருப்பு.

கணினியின் இயங்குதளமும் இப்படித்தான் அடுக்கடுக்காக இருக்கிறது. நாம் தொட்டு விளையாடும் செயலிகள் வெளிச்சதை. ஆணைகளைத் தட்டச்சு செய்தால் வாங்கிக்கொள்ளும் அடுக்குக்குக் கணினிக்காரர்கள் 'ஷெல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஷெல் என்றால் ஓடு. அதற்கும் உள்ளே இருப்பது 'கெர்னல்'. கெர்னல் என்றால் பருப்பு! நினைவகம், திரை, ஒலி, யூஎஸ்பி என்று போனில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் நேரடியாகத் தொட்டு வேலை வாங்கும் உரிமை கெர்னலுக்குத்தான்.

ஆண்ட்ராய்டு போன்களுக்குள் இருக்கும் கெர்னலின் பெயர் லினக்ஸ். பின்லாந்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-இல் எழுதத் தொடங்கியது. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அக்கா மகள் பள்ளியில் தினமும் தொடுகிற கணினிக்குள்ளும் இதே பருப்புதான் என்று சொன்னதும் அவள் கண்கள் விரிந்தன.

லினக்ஸ் கெர்னலில் யூஎஸ்பிக்கு இரண்டு பெரிய பகுதிகள் உண்டு. ஒன்றுக்குக் கேட்கத் தெரியும். அது ஹோஸ்ட் பகுதி. இன்னொன்றுக்குப் பதில் சொல்லத் தெரியும். அதற்கு 'கேட்ஜெட்' என்று பெயர். இரண்டும் கெட்டிக்காரப் பகுதிகள். ஆனால் வெளியே போகும் கம்பிகள் ஒரு ஜோடிதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைத் தொடலாம்.

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தொட்டா?"

யாருக்கு எந்த வேஷம் என்பதே குழம்பிவிடும். போன் ஒயரின் வழியே 5 வோல்ட் மின்சாரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போது, எதிரில் இருப்பவரும் தள்ளினால் இரண்டு மின்சாரமும் முட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் ஹோஸ்ட் உட்கார்ந்தால் இரண்டு பேரும் கேள்வி கேட்பார்கள். பதில் சொல்ல ஆளிருக்காது. இரண்டு முனையிலும் டிவைஸ் உட்கார்ந்தால் "அவர் கேட்கட்டும்" என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். நாள் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு படம்கூட நகராது.

தோப்பும்படிப் பாலமும் பாம்பன் பாலமும்

சாயங்காலம் அவளைப் பஸ்ஸில் தோப்பும்படிக்கு அழைத்துப் போனேன். அங்கே வில்லிங்டன் தீவுக்குப் போகும் பழைய துறைமுகப் பாலம் இருக்கிறது. கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொட்டி அந்தத் தீவையே உருவாக்கியவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர். அந்தத் துறைமுகப் பணிகளோடு சேர்ந்து 1940-களில் வந்த பாலம் இது. பெரிய கலங்கள் வந்தால் நடுப்பகுதியைத் தூக்கி வழிவிடும்படி கட்டினார்கள். இப்போது அதைத் தூக்குவதில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நன்றாகத் தெரிந்தது பாம்பன் பாலம். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலே எழும்பியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது.

தோப்பும்படிப் பாலமும் பாம்பன் பாலமும் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரிதான். கீழே இருக்கும்போது பாலம் தரையில் போகிறவர்களுக்குச் சொந்தம். மேலே போனால் அந்த இடம் தண்ணீரில் போகிறவர்களுக்குச் சொந்தம். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் கிடையாது.

"கண்ணு, நீதான் பாலத்து அதிகாரின்னு வச்சுக்கோ. கப்பல் வருது. என்ன செய்வே?"

"பாலத்தைத் தூக்குவேன்."

"பாலத்து மேல பஸ் நின்னுட்டிருக்கே!"

கொஞ்சம் யோசித்தாள். பிறகு விரல் மடக்கிச் சொன்னாள். "முதல்ல கேட்டை மூடணும். பாலத்து மேல இருக்கிற வண்டியெல்லாம் இறங்குற வரைக்கும் காத்திருக்கணும். ஒண்ணும் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் தூக்கணும். முழுசா மேல போனப்புறம் கப்பலுக்குப் பச்சை விளக்கு."

"அப்படின்னா வண்டிக்கும் சிவப்பு, கப்பலுக்கும் சிவப்புன்னு ஒரு நேரம் இருக்கும் இல்லையா?"

"ஆமா மாமா! நடுவுல கொஞ்ச நேரம் யாருமே போகக் கூடாது."

அவள் கண்டுபிடித்ததுதான் இந்தக் கட்டுரையின் பருப்பு. ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு நேராகத் தாவக் கூடாது. நடுவில் எந்த வேலையும் இல்லாத ஒரு நேரம் வேண்டும். நிறுத்து, மாற்று, தொடங்கு. இந்த வரிசை தவறினால் பஸ் தண்ணீரில் விழும்.

கெர்னல் செய்யும் ஆறு காரியங்கள்

இப்போது போனுக்குள் போவோம். பென் டிரைவைக் கழற்றி மடிக்கணினியை மாட்டியாயிற்று. போன் ஹோஸ்ட் வேஷத்தைக் கழற்றி டிவைஸ் வேஷம் போட வேண்டும். சிப்புக்குச் சிப்பு சின்ன வித்தியாசங்கள் இருந்தாலும் கெர்னல் செய்வது ஏறக்குறைய இதுதான்.

முதலில், அவசரப்படாமல் பொறுக்கும். ஒயரைச் செருகும்போது நம் கை ஆடும்; உலோகத் தகடுகள் ஒட்டியும் விலகியும் துள்ளும். அந்தத் துள்ளலை எல்லாம் நம்பி வேஷம் மாற்றினால் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே நொடியில் பத்தில் ஒரு பங்காவது காத்திருந்து, இழுப்பு நிலையாக இருக்கிறதா என்று பார்க்கும். நிலையானதும் அந்தச் செய்தியைச் 'செய்ய வேண்டியவை' பட்டியலில் எழுதி வைக்கும். கையில் இருக்கும் அவசர வேலையை முடித்துவிட்டு நிதானமாக எடுக்கும்.

இரண்டாவது, பூட்டுப் போடும். வேஷ மாற்றம் நடக்கும்போது இன்னொருவர் வந்து "மறுபடி மாற்று" என்றால் பாதிக்கிணறு தாண்டிய கதையாகிவிடும். அதனால் 'மியூடெக்ஸ்' என்று ஒரு பூட்டு. அதற்குச் சாவி ஒன்றே ஒன்று. சாவி கையில் இருப்பவர் வேலையை முடித்துத் திருப்பித் தரும்வரை அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஹோஸ்ட் பகுதியை நிறுத்தும். புதிய கேள்விகள் கிடையாது. பாதியில் நிற்கும் கேள்விகளை முடிக்கும் அல்லது ரத்து செய்யும். மாட்டியிருந்த பொருள்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடிக்கும்.

நான்காவது, வெளியே தள்ளிக்கொண்டிருந்த 5 வோல்ட் மின்சாரத்தை அணைக்கும். மின்னழுத்தம் இறங்கும்வரை காத்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும் சிவப்பு விளக்கு.

ஐந்தாவது, ரயில் தண்டவாளத்தில் பாதை மாற்றுவது போல, கம்பிகளை ஹோஸ்ட் பகுதியிலிருந்து கேட்ஜெட் பகுதிக்கு மாற்றிவிடும்.

ஆறாவது, கேட்ஜெட்டை எழுப்பும். அது எழுந்து, தரவுக்கம்பியில் "நான் வந்துவிட்டேன்" என்று அடையாளம் காட்டும். மடிக்கணினி "நீ யார்?" என்று கேட்கத் தொடங்கும். புதிய வேஷம் இதுதான் என்று கெர்னல் குறித்துக்கொண்டு பூட்டைத் திறக்கும்.

இத்தனையும் நாம் ஒயரைச் செருகிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடிந்துவிடும்.

யாரிடம் சொல்வது?

பாலத்தில் கேட்டை மூடுகிறவர் ஒருவர், தூக்குகிறவர் ஒருவர், கப்பலுக்கு விளக்குக் காட்டுகிறவர் ஒருவர். இவர்களுக்குள் பொதுவான பேச்சு இல்லாவிட்டால் என்ன ஆகும்?

போனிலும் அப்படித்தான். ஒயரின் இழுப்பைக் கவனிப்பது ஒரு சிப். கேள்வி கேட்பது இன்னொரு பகுதி. பதில் சொல்வது மற்றொன்று. கம்பியை மாற்றிவிடுவது வேறொன்று. சில சமயம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிறுவனம் செய்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கெர்னலில் 'டிரைவர்' என்று தனித்தனி நிரல் உண்டு. இழுப்பைக் கவனிக்கும் டிரைவருக்குச் செய்தி தெரியும், கம்பியை மாற்றத் தெரியாது. மாற்றும் டிரைவருக்கு மாற்றத் தெரியும், எப்போது என்று தெரியாது.

2018-இல் வெளிவந்த லினக்ஸ் 4.17 பதிப்பில் இவர்களுக்கு ஒரு பொது மேடை வந்தது. 'யூஎஸ்பி ரோல் ஸ்விட்ச்' என்று பெயர். வேஷம் மாற்றும் பொத்தான் என்று சொல்லலாம். இன்டெல் நிறுவனத்தின் பொறியாளர் ஹெய்க்கி குரோகெரஸும் ஹான்ஸ் டி கூட் என்ற பொறியாளரும் எழுதியது. சில நூறு வரிகள் கொண்ட சின்ன நிரல்தான். ஆனால் அருமையான யோசனை. மாற்றத் தெரிந்த டிரைவர் தன் பொத்தானை இந்த மேடையில் பதிவு செய்துவிட வேண்டும். செய்தி தெரிந்த டிரைவர் இங்கே வந்து தனக்குரிய பொத்தானைத் தேடி அமுக்க வேண்டும். எந்தத் துளைக்கு எந்தப் பொத்தான் என்பதை அந்தப் போனின் மின்பலகை வரைபடம் சொல்லிவிடும். பூட்டும் சாவியும் மேடையின் பொறுப்பு.

அந்தப் பொத்தானில் எத்தனை நிலைகள் என்று நினைக்கிறீர்கள்? இரண்டு என்பீர்கள். இல்லை, மூன்று! ஹோஸ்ட், டிவைஸ், 'ஒன்றுமில்லை'. அந்த 'ஒன்றுமில்லை'தான் இரண்டு பக்கமும் சிவப்பு எரியும் நேரம். துளையில் யாரும் இல்லாதபோது போன் அந்த நிலையில் ஓய்வெடுக்கலாம்.

இன்னொரு செய்தியும் தெரிந்துகொள்ளுங்கள். டைப்-சியில் கேட்கும் வேலை வேறு, மின்சாரம் கொடுக்கும் வேலை வேறு. முதலில் ஒயர் சேரும்போது ஹோஸ்டாக இருப்பவரே மின்சாரமும் கொடுப்பார். பிறகு இரண்டு பேரும் பேசி, ஒன்றை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியை டைப்-சி திரையோடு இணைத்தால் பல திரைகள் மடிக்கணினிக்குச் சார்ஜ் கொடுக்கும். ஆனால் கேள்வி கேட்பது மடிக்கணினிதான். சாப்பாடு போடுகிறவர்தான் அதிகாரம் செய்ய வேண்டும் என்று யூஎஸ்பியில் கட்டாயமில்லை.

செய்து பாருங்கள்

1. தொப்பி விளையாட்டு. நான்கு பேர் போதும். ஒரு தொப்பி, ஒரு மேசை வேண்டும். தொப்பி போட்டவர் ஹோஸ்ட். அவர் மட்டும்தான் கேள்வி கேட்கலாம். இரண்டு பேர் டிவைஸ்; தங்கள் எண்ணைச் சொல்லிக் கேட்டால் மட்டும் பேசலாம். நான்காமவர் கெர்னல். அவர் கை தட்டினால் வேஷம் மாற வேண்டும். தொப்பி போட்டவர் கேட்ட கேள்விக்குப் பதிலை வாங்கி முடித்து, தொப்பியை மேசையில் வைக்க வேண்டும். தொப்பி மேசையில் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. கெர்னல் "ம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தவர் எடுக்கலாம். ஐந்து தடவை மாற்றிப் பாருங்கள். பிறகு மேசை விதியை எடுத்துவிட்டு, தலைக்குத் தலை நேராகப் பிடுங்கி விளையாடுங்கள். எத்தனை கேள்விகள் பதிலில்லாமல் தொலைகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

2. இரண்டு ஆண்ட்ராய்டு போன்களைப் பெரியவர்களின் அனுமதியோடு டைப்-சி ஒயரால் இணையுங்கள். ஒரு போனின் அறிவிப்பில் யூஎஸ்பி அமைப்பைத் திறங்கள். யூஎஸ்பியைக் கட்டுப்படுத்துவது 'இந்தச் சாதனமா', 'இணைத்த சாதனமா' என்று கேட்கும் இடம் பல போன்களில் இருக்கும். மாற்றித் தட்டிப் பாருங்கள். நீங்கள் தட்டுவது அந்த வேஷப் பொத்தானைத்தான். எல்லா ஜோடிப் போன்களும் சம்மதிக்காது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் மாறும்.

3. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் லினக்ஸ் கெர்னலின் மூலநிரலையே திறந்து பார்க்கலாம். யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அது திறந்தே கிடக்கிறது. 'டிரைவர்ஸ்' என்ற உறைக்குள் 'யூஎஸ்பி', அதற்குள் 'ரோல்ஸ்' என்ற உறை. அங்கே பூட்டுப் போடும் வரியையும், மாற்றும் வரியையும், பூட்டைத் திறக்கும் வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கலாம். முழுதும் புரியாவிட்டாலும் அந்த வரிசை புரியும்.

பாதி சாம்பல் படம்

மறுநாள் காலையில் அக்கா மகள் பென் டிரைவைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் முன் என் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தாள். முந்தைய நாள் ஏற்றிய இரண்டு படங்களில் ஒன்று நன்றாக இருந்தது. இன்னொன்றின் மேல்பாதியில் தோழிகள் சிரித்தார்கள். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

"மாமா, நான் வெடுக்குன்னு பிடுங்கினேன்ல?"

ஆமாம். 'ஏற்றியாயிற்று' என்று திரை சொன்னாலும், கடைசிப் பகுதி சில சமயம் போனின் நினைவகத்திலேயே வரிசையில் நின்றுகொண்டிருக்கும். கெர்னல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக பென் டிரைவுக்கு அனுப்பும். அதற்குள் பிடுங்கிவிட்டால் கெர்னல் எவ்வளவு ஒழுங்காக வேஷம் மாற்றினாலும் பாதி வழியில் நின்ற படத்தை மீட்க முடியாது. படம் அவள் போனில் பத்திரமாக இருந்ததால் மறுபடி ஏற்றிக்கொண்டாள்.

எனவே பிள்ளைகளே, பென் டிரைவைக் கழற்றும் முன் 'வெளியேற்று' என்பதைத் தட்டுங்கள். 'இப்போது எடுக்கலாம்' என்று வரும்வரை பொறுங்கள். பாலத்தின் மேல் ஒரு வண்டியும் இல்லை என்று பார்த்த பிறகுதான் பாலத்தைத் தூக்க வேண்டும்.